படத்தில் இருப்பதெல்லாம் பார்சலில்

மந்திக்குளத்து ஆட்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

அந்த ஊர்ப் பூரணம் இடும் அப்பளத்துக்கு நல்ல பேர். "அக்கா, இத ஆன்லைன்ல வித்தா என்ன?" என்று அவள் தம்பி தவசி கேட்டான். கேமரா வைத்த போன் அவனிடம்தான் இருந்தது. பூரணத்தின் கணவன் சங்கிலி சரி என்றான். பக்கத்து வீட்டு மொக்கையன் பெரியப்பா யாரும் கேட்காமலே கூட்டுச் சேர்ந்துகொண்டார்.

தவசி படம் எடுத்தான். முன்னால் தாம்பாளம் நிறைய அப்பளம். பின்னால் சங்கிலி, வாயில் பாதி கடித்த அப்பளத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தோளுக்கு மேலே வீட்டு வெள்ளாடு எட்டிப் பார்த்தது. படம் பிரமாதம் என்று நால்வரும் ஒப்புக்கொண்டார்கள்.

படத்தை ஏற்றியதும் போனில் ஒரு விதி வந்து நின்றது. தவசி சத்தமாக வாசித்தான்: "படத்தில் உள்ளது எதுவோ அதையே அனுப்ப வேண்டும். மாறினால் கடை மூடப்படும்." எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

மறுநாளே ஆர்டர் வந்துவிட்டது. திருச்சியில் கற்பகம் என்று ஒரு டீச்சர், ஒரு பாக்கெட் கேட்டிருந்தார். பூரணம் சந்தோஷத்தில் குலவை போட்டாள். போட்டுக்கொண்டே படத்தைப் பார்த்தவளுக்குக் குலவை பாதியில் நின்றது.

"டேய் தவசி, இதுல ஒன் மச்சானும்ல இருக்காரு!"

"ஆமாக்கா. ஆடும் இருக்கு."

"ஆட்ட அனுப்பிரலாம்டா. இவர எப்பிடி அனுப்புறது?"

மொக்கையன் தொண்டையைச் செருமினார். "விதின்னா விதிதாம்மா. புருஷன் இல்லாமக்கூடக் குடும்பம் நடத்திரலாம். கடை இல்லாம எப்பிடிக் கடை நடத்துவ?"

சங்கிலி, "டீச்சர் வீட்டுல சோறு எப்பிடி இருக்கும்?" என்று மட்டும் கேட்டான்.

கட்டிய நாள் முதல் பூரணம் அவனைப் பிரிந்து இருந்ததே இல்லை. ஆனாலும் முதல் ஆர்டர் ஆயிற்றே. அழுதுகொண்டே அவன் தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரிவிட்டு, நெற்றியில் முகவரிச் சீட்டை ஒட்டினாள்.

பார்சல் ஆபீசில் ஆளை எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டதால் எல்லோரும் பஸ் ஏறினார்கள். படத்தில் இருந்தபடி சங்கிலி வாயில் பாதி அப்பளம் இருந்தாக வேண்டும். அவனோ மென்று விழுங்கிவிடுவான். தவசி உடனே இன்னொன்றைக் கடித்துப் பாதியாக்கி நீட்டுவான். துவரங்குறிச்சி தாண்டுவதற்குள், அவன் வாய்க்கென்று தனியாகப் பொரித்து எடுத்துவந்த அப்பளமெல்லாம் காலி. ஆடு பசி தாங்காமல் கண்டக்டரின் துண்டை மென்றது.

கதவைத் திறந்த கற்பகம் டீச்சர் முதலில் ஆட்டைத்தான் பார்த்தார்.

"என்ன இதெல்லாம்?"

"உங்க ஆர்டரும்மா," என்றாள் பூரணம் விசும்பியபடி. "தாம்பாளம், அப்பளம், ஆடு, எங்க வீட்டுக்காரரு. சரிபாத்து எடுத்துக்கங்க. அவருக்குக் கத்திரிக்கா சேராது."

"எனக்கு அப்பளம் மட்டும் போதும்மா!"

"பிரிச்சுக் குடுக்கக் கூடாதும்மா. கடைய மூடிருவாங்க."

அதற்குள் சங்கிலி உள்ளே போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான். ஆடு துளசிச் செடியை முடித்திருந்தது. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"சரி, அப்பளத்தை வச்சுக்கிறேன். மிச்சத்தையெல்லாம் ரிட்டர்ன் பண்றேன். அதுக்கும் விதி இருக்குல்ல?"

இருந்தது! பூரணம் டீச்சர் காலில் விழாத குறைதான். ஆனால் திரும்பி வரும் சரக்கில் சேதம் உண்டா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம். மொக்கையன் சங்கிலியின் பல்லைத் தட்டிப் பார்த்தார், காதைத் திருகிப் பார்த்தார். "சேதமில்ல. குடுத்தப்ப இருந்ததவிடக் கொஞ்சம் தெளிவாவே இருக்கான்," என்று அறிவித்தார். புருஷன் கையைப் பிடித்த பூரணம் ஊர் வந்து சேரும்வரை விடவில்லை.

இனி இந்த வம்பே வேண்டாம், புதுப் படம் எடுக்க வேண்டியதுதான் என்று முடிவாயிற்று. தாம்பாளத்தை வெட்டவெளியில் கொண்டுபோய் வைத்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று சங்கிலியைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிட்டாள் பூரணம். மொக்கையன் துண்டை வீசிக் காக்கைகளை விரட்டினார். எறும்புகளைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் தவசி படம் எடுத்தான். பளிச்சென்று விழுந்தது.

கும்பகோணத்து அம்மா ஒருவரிடமிருந்து ஆர்டர் வந்த பிறகுதான் அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அப்பளத்துக்குப் பின்னால், ஊருக்கு மேற்கே நிற்கிற கரட்டுமலை, அடியிலிருந்து உச்சிவரை அழகாக விழுந்திருந்தது.

யாரும் பதறவில்லை. மலைதானே, புருஷன் இல்லையே என்று பூரணத்துக்கு ஒரே நிம்மதி. வெட்டுவதை மேலிருந்து தொடங்குவதா, கீழிருந்து தொடங்குவதா என்பதில்தான் பேச்சு இழுத்தது.

"கீழ வெட்டுனா மேல இருக்கது தானா எறங்கி வந்துரும்," என்றான் சங்கிலி. அவனுக்கு இவ்வளவு மூளையா என்று பூரணம் பூரித்துப்போனாள்.

மண்வெட்டியும் கூடையுமாக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது தவசி போனோடு ஓடிவந்தான்.

"அக்கா, நிறுத்து நிறுத்து! சரியாப் பாக்கல. அந்தம்மா ரெண்டு பாக்கெட் கேட்டிருக்கு!"

பூரணம் கூடையை இறக்கிவைத்துவிட்டு மலையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போனப் போட்டு ஒண்ணாக் கொறச்சுக்கச் சொல்லுடா. மலை ஒண்ணுதான் ஸ்டாக் இருக்கு."