மிஞ்சிய பூஜ்யம்

என் ஆசானுக்கு என்னைவிடப் பதினாறு வயது குறைவு. பெயர் பேச்சித்தாய். எங்கள் ஊர் கிரிக்கெட் மைதானத்தில் தகரப் பலகையில் ஸ்கோர் மாட்டுகிறவள். என் பெயர் ஆவுடையப்பன். டவுன் பஸ் கண்டக்டர், வயது ஐம்பத்து நான்கு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். அப்புறம் சிரிக்க ஒன்றும் இல்லை.

மைதானத்தில் மின்சாரப் பலகை ஒன்று உண்டு. அது பெரிய மனுஷர்கள் உட்காரும் பக்கம் பார்த்து நிற்கிறது. வெயில் கேலரியில் இருக்கும் எங்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். எங்களுக்காக எதிர் ஓரத்தில் அந்தப் பழைய தகரப் பலகையை விட்டுவைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் எங்கள் கேலரிக்குக் கீழிருந்துதான் வெளியே வருவார்கள். அந்தப் பலகையைப் பார்த்தபடிதான் உள்ளே நடப்பார்கள்.

பலகையில் மேலே மொத்த ரன். அதற்குக் கீழே ஆடுகிற இரண்டு பேருக்கும் இரண்டு வரிசை. எல்லாவற்றுக்கும் அடியில் "அவுட்டானவர்" என்று ஒரு வரிசை. கொக்கியில் எண் தகடுகளை மாட்ட வேண்டும்.

லீவு நாளில் ஓசியில் ஆட்டம் பார்க்கலாம் என்றுதான் நான் அங்கே ஒத்தாசைக்குப் போனேன்.

"மேல ஏறினா வாய மூடணும். முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"கண்டக்டர் வாய மூடினா பஸ் ஓடாது தாயி."

"இது ஓடாது. நிக்கும். ஏறுங்க."

அன்றைக்கே அவளை ஆசானே என்று கூப்பிட ஆரம்பித்தேன். கேலிக்குத்தான்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவள் ஒரு காரியம் செய்வாள். பதினோரு பூஜ்யத் தகடுகளை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, பலகைக்குப் பின்னால் உள்ள சட்டத்தில் வரிசையாகச் சாய்த்து வைப்பாள். மற்ற எண்கள் எல்லாம் பெட்டியில் கலைந்து கிடக்கும்.

"என்ன ஆசானே, ஆட வாறதுக்கு முன்னாடியே பதினோரு பேருக்கும் முட்டைன்னு முடிவு கட்டிட்டியா?"

"ஆளுக்கு ஒண்ணு. அவன் உள்ள காலெடுத்து வச்சதும் மாட்டணும்."

"பெட்டியில எத்தனையோ பூஜ்யம் கிடக்கே. ஏதாவது ஒண்ண எடுத்து மாட்டினா ஆகாதா?"

"இது அவனோடது," என்றாள்.

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. சொல்லவில்லை. வாயை மூடுகிறேன் என்று ஏறியிருந்தேனே.

அந்த வருஷம் எங்கள் பொருநை அணி ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதைச் சொன்னால் இன்னும் எனக்கு வயிறு எரியும். பந்து போடுகிறவர்கள் உயிரைக் கொடுத்துப் போடுவார்கள். மட்டை பிடிக்கிறவர்கள் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வந்து, கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு, நாலு பந்தில் திரும்பிப் போவார்கள். அஞ்சு ஆட்டத்தில் நாலு தோல்வி.

அதிலும் சேர்மதுரை. முதல் ஆளாக இறங்குகிறவன். ஏரல் பக்கத்துப் பையன். போன வருஷம் ஒரு ஆட்டத்தில் தொண்ணூற்று ஒன்று அடித்தான். மறுநாள் என் பஸ்ஸில் ஏறிய ஒருத்தரையும் நான் விடவில்லை. டிக்கெட்டைக் கிழிக்கும் முன்னால் அவன் அடித்த சிக்ஸரைச் சொல்லிவிட்டுத்தான் கிழித்தேன். என் வீட்டுப் பிள்ளை அடித்த மாதிரி எனக்கு அப்படி ஒரு பெருமை.

இந்த வருஷம் அவன் அடித்தது மூணு, பூஜ்யம், ஏழு, பூஜ்யம், ஒண்ணு.

ஐந்தாவது ஆட்டம் முடிந்த அன்று தகடுகளைக் கழற்றிக்கொண்டே கேட்டேன்.

"ஆசானே, அடிக்கத்தானே அவனுக்குச் சம்பளம்? அடிக்க மாட்டேங்கான். கோபம் வராதா?"

"வரும்."

"வந்தா என்ன செய்ய?"

"கையில துணி இருக்குல்லா?"

"இருக்கு."

"தொடைங்க."

துடைத்தேன். தகடு சுத்தமானது. என் கோபம் அப்படியேதான் இருந்தது.

ஆறாவது ஆட்டம் தோற்றால் போட்டியை விட்டே வெளியே. மத்தியானம் இரண்டரை மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். கேலரி நிறைந்திருந்தது. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஆபீசிலிருந்து பேச்சித்தாயைக் கூப்பிட்டார்கள். பட்டியலில் ஏதோ ஒரு பெயர் மாறியிருக்கிறதாம்.

"வாங்கிட்டு வந்திருதேன். ரெண்டு பேரும் உள்ள வந்ததும் மாட்டிருங்க அண்ணாச்சி."

"நீ போ ஆசானே. நான் பாத்துக்கிடுதேன்."

இரண்டு பேரும் கேலரிக்குக் கீழிருந்து வந்தார்கள். கூட வந்தவனுக்கு உரிய பூஜ்யத்தை எடுத்து இரண்டாம் வரிசையில் மாட்டினேன். அடுத்ததற்குக் கை நீட்டியபோது சேர்மதுரையைப் பார்த்தேன். கையுறையை இழுத்து விட்டுக்கொண்டே நடந்து வந்தான்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"சவத்து மூதி, இன்னைக்கும் இதையே செய்யி," என்று முனகினேன். நீட்டிய கையை எடுத்தேன். குனிந்து, பெட்டியில் கிடந்த ஒரு பழைய பூஜ்யத்தை எடுத்து, அடி வரிசையில் மாட்டினேன். பக்கத்தில் அவனுடைய ஒன்றாம் நம்பரையும் மாட்டினேன்.

அவுட்டானவர்: ஒன்றாம் நம்பர். ரன்: பூஜ்யம்.

அவன் இன்னும் ஒரு பந்துகூட ஆடியிருக்கவில்லை.

கேலரிக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம். விசில், கைதட்டல், சிரிப்பு. எங்கள் கேலரி அந்த வருஷம் அப்படிக் கத்தியதே இல்லை.

சேர்மதுரை நின்றான். திரும்பினான். இத்தனை நாள் திட்டிய ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மட்டையைத் தூக்கினான். கேலரியைப் பார்த்துத் தலைக்கு மேலே நன்றாக உயர்த்திக் காட்டினான்.

அப்புறம் முன்னால் திரும்பி, பலகையைப் பார்த்தான்.

தூக்கிய மட்டையை அவன் உடனே இறக்கவில்லை. எப்படி இறக்குவது என்று தெரியாதவன்போல நின்றான். அம்பயர் கூப்பிட்டதும் போனான். மூன்று பந்து ஆடினான். மூன்றாவதில் ஸ்டம்பு பறந்தது.

அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்வதெல்லாம் பொய். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

பேச்சித்தாய் ஏணியில் ஏறி வந்தாள்.

"பாத்தியா ஆசானே, மாத்தக்கூட வேண்டாம். எல்லாம் சரியா இருக்கு."

அடி வரிசையைப் பார்த்தாள். "எப்ப மாட்டுனிய?"

"அவுட்டாயிட்டான்லா?"

"எப்பன்னு கேட்டேன் அண்ணாச்சி."

சொன்னேன். அடுத்து வந்தவனுக்கு உரிய பூஜ்யத்தை எடுத்து மாட்டினாள்.

எழுபத்தெட்டு ரன்னில் அணி சுருண்டது. பதினோரு பேரும் ஆடி முடித்துவிட்டார்கள். பின்னால் சட்டத்தில் ஒரு தகடு மட்டும் சாய்ந்திருந்தது.

"ஒண்ணு மிஞ்சுது," என்றாள்.

"எண்ணுனதுல தப்பிருக்கும் ஆசானே."

அவள் அதைப் பெட்டியில் போடவில்லை. பலகைக்குப் பின்புறம் ஒரு ஆணியில் மாட்டினாள்.

தோற்றோம். மீதி இருந்த இரண்டு ஆட்டமும் பேருக்குத்தான். அதில் முதல் ஆட்டத்துக்குச் சேர்மதுரையை எடுக்கவில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதாகவும், வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குவதாகவும், இனி ஆட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும் கேலரியில் பேசிக்கொண்டார்கள்.

"நம்ம அண்ணாச்சி ஒரு தகட்டுல ஆளையே காலி பண்ணிட்டாரு," என்று ஒருவன் என் தோளில் தட்டினான். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. அவன் கையை இல்லை, என் கையை.

பேச்சித்தாய் என்னை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் நான் பதிலுக்கு நாலு பேசி மனசை ஆற்றியிருப்பேன். அவள் பாட்டுக்குப் பூஜ்யங்களைத் துடைத்துச் சாய்த்தாள். ஆணியில் இருந்ததை மட்டும் தொடவில்லை.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மண்டிக்குப் போனேன். லாரியிலிருந்து தார் இறக்கிக்கொண்டிருந்தான். தோளில் சாக்கு மடித்துப் போட்டிருந்தான். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"கேலரி அண்ணாச்சில்லா நீங்க? நல்லாருக்கியளா? போன வருஷம் எனக்காகத் தொண்டை கிழியக் கத்துவியளே."

டீ வாங்கிக் கொடுத்தான். காசு கொடுக்க என்னை விடவில்லை.

"ஏம்பா ஆட்டத்தை விட்டே?"

"அவுட்டாவுறது ஒண்ணும் பெருசில்ல அண்ணாச்சி. அது எல்லாருக்கும் உள்ளதுதான்." தம்ளரைக் கையில் உருட்டினான். "அன்னைக்கு நீங்கல்லாம் கைதட்டுனியளே, எனக்குத்தான்னு நெனச்சு மட்டையத் தூக்கிட்டேன். இப்பவும் தாரைத் தூக்கித் தோள்ல வைக்கும்போது அதுதான் ஞாபகம் வருது. கூசிப்போவுது."

"அந்தத் தகட்ட மாட்டுனது..."

"கைதவறி மாட்டிருப்பாவ. வேணும்னு யாராவது செய்வாவளா?"

ஒரு பஸ் ஜனத்தையே கத்தி உள்ளே தள்ளுகிற வாய் இது. அன்று திறக்கவில்லை. டீ ஆறிப்போய், ஏடு படிந்த பிறகு குடித்தேன். போய் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

கடைசி ஆட்டமும் முடிந்தது. சாயங்காலம் தகடுகளை எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தோம். கேலரி காலி. காகங்கள் பொரி பொறுக்கிக்கொண்டிருந்தன.

"ஆசானே," என்றேன். அன்று அது கேலியாக வரவில்லை.

"சொல்லுங்க."

"மண்டிக்குப் போயிருந்தேன். நான்தான்னு சொல்லாம வந்துட்டேன்."

அவள் சாக்கின் வாயைக் கட்டினாள்.

"காலுல விழட்டுமா? ஆபீசுல போய், அவன் மேல தப்பில்ல, நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுக்கட்டுமா? என்ன செய்யணும்னு சொல்லு. எதுன்னாலும் செய்யுதேன்."

அவள் எழுந்து பலகைக்குப் பின்னால் போனாள். ஆணியில் இருந்த பூஜ்யத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். மூன்று வாரத் தூசி. முந்தானையால் துடைத்தாள்.

"இது யாருக்குள்ளது அண்ணாச்சி?"

"மிஞ்சுனது."

"அன்னைக்கு ஆடுனது எத்தனை பேரு?"

"பதினோரு பேரும் ஆடினாங்க."

"சாச்சு வச்சது பதினொண்ணு. மாட்டுனது பத்து." பலகையின் முதல் வரிசையைக் காட்டினாள். வெறும் கொக்கி. "ஆபீசுலருந்து நடந்து வாறப்ப பாத்தேன். அவன் மூணு பந்து ஆடினான். மூணு பந்துக்கும் அந்த இடம் இப்படித்தான் இருந்துச்சு."

நான் கொக்கியைப் பார்த்தேன். நீட்டிய கையை நான் எடுத்தது ஞாபகம் வந்தது. அடியில் மாட்டியதைத்தான் இத்தனை நாள் நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேன். மேலே மாட்டாமல் விட்டது எனக்குத் தெரியவே இல்லை.

தகட்டை என் கையில் வைத்தாள். கனமே இல்லை.

"கொண்டு போய்க் குடுங்க."

"குடுத்துட்டு என்ன தாயி சொல்ல?"

அவள் சாக்கைத் தூக்கி ஏணிப் பக்கம் வைத்தாள்.

"உனக்குள்ளத மாட்டாம விட்டுட்டேன்னு சொல்லுங்க."