எல்லைக்கல் காட்டிய அண்ணன்

சிறுமலை அடிவாரத்துக் குடும்பக் காட்டில் தழை ஒடிக்க, விறகு சுமக்க, தீப்பிடித்தால் ஓடி அணைக்க மட்டும் சடையம்மாள் வேண்டும். அப்பா கண்ணை மூடியதும், டவுனிலிருந்து வந்திறங்கிய அண்ணன் மருதப்பனுக்கு அவள் பங்கு கேட்டது மட்டும் பொறுக்கவில்லையாம்!

தாய்மாமன் குறுக்கிட்டதும் மருதப்பன் மீசையை முறுக்கினான். “சரி, அப்பா நட்ட நாலு எல்லைக்கல்லையும் பொழுது சாயறதுக்குள்ள காட்டட்டும். பாதிக் காட்டை எழுதித் தர்றேன்.”

மூவரும் காட்டுக்குள் போனார்கள். சடையம்மாள் புதரை விலக்கி முதல் கல்லைக் காட்டினாள். “இது இல்லை” என்றான் அண்ணன். மற்ற மூன்றுக்கும் அதே பதில்தான். எதைக் காட்டினாலும் இப்படித்தான் சொல்வான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“எனக்குத்தான் தெரியலை போல. நீங்களே ஒண்ணைக் காட்டுங்கண்ணே, மாமாவும் பார்க்கட்டும்.”

மருதப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். நாவல் மரத்தடியில் ஒரு கல் நின்றது. “அதோ! அப்பா நட்டப்போ நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “மாப்ளே, அது போன மாசம் என் கிடாயைக் கட்ட நான் நட்ட கல்லு!”

மருதப்பனின் மீசை தொங்கிவிட்டது. “அப்ப எனக்குப் பாதியாவது உண்டா, தாயி?”

“உண்டுண்ணே. அது எங்க இருக்குன்னு நானே கூட வந்து காட்டுறேன்.”