ஜன்னல் வழியே போட்ட கைக்குட்டை

"எனக்கு ஏன்மா இப்படி நடக்கணும்?" என்று கேட்டார் பத்மநாபன்.

குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் பத்மநாபனைவிடச் சின்னவர்; ஆனாலும் மனசு சரியில்லாதபோது அவர் யோசனை கேட்டு வருவது இவரிடம்தான். நிமிராமலே கேட்டார்.

"எப்படி?"

"இருபது வருஷமா மேனேஜர் சீட்டுல உக்காந்திருந்தேன். கம்பெனிக்கு நஷ்டம்னு ஒரே நாள்ல எழுப்பி விட்டுட்டாங்க. என்னை மாதிரி ஆறு பேர். நாங்க போய் யார்கிட்ட வேலை கேக்கறது? எங்ககிட்ட மத்தவங்க வந்து கேட்டுத்தான் பழக்கம்."

"ஒண்ணுமே வரலியா?"

"எட்டு மாசத்துல ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். ஆனா கூப்பிடறது எஸ்தர்."

"யார் அது?"

"எனக்குக் கீழ வேலை பார்த்தவ. நான் புதுசா சேர்ந்தப்போ எனக்கு வேலை சொல்லிக் குடுத்ததும் அவதான். அப்புறம் நான் மேனேஜராயிட்டேன். அவ விட்டுட்டுப் போய்ச் சின்னதா ஒரு கம்பெனி வச்சிருக்கா. அவ முன்னால போய் நான் எப்படிம்மா நிக்கறது?"

குருவம்மா கீரையை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

"எனக்குக் காஞ்சிபுரம் போகணும். உங்களுக்கும் வீட்டுக்கு அதே வழிதானே. வாங்க."

வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். பஸ் திரும்பி உள்ளே வரும்போதே குருவம்மா கை நீட்டினார்.

"கர்ச்சீப் இருக்கா?"

பத்மநாபன் கொடுத்தார். குருவம்மா புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, ஜன்னல் வழியாக அதை ஒற்றை ஆள் சீட்டு ஒன்றில் போட்டார்.

இடித்துப் பிடித்து இரண்டு பேரும் ஏறினார்கள். அந்தச் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வயசுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை மடித்து ஜன்னல் ஓரமாக வைத்திருந்தாள்.

"அது எங்க இடம்மா," என்றார் பத்மநாபன்.

"யாரும் இல்லியேன்னு உக்காந்துட்டேன் சார்."

"கர்ச்சீப் கிடந்துதே. பாக்கலையா?"

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.

பத்மநாபன் அதே கைக்குட்டையால் சீட்டைத் தட்டினார்.

"உக்காருங்கம்மா," என்றார் குருவம்மாவிடம்.

"நான் நிக்கறேன். நீங்க உக்காருங்க."

பத்மநாபன் உட்கார்ந்தார்.

கண்டக்டர் வந்தார். "ஏம்மா, கைக்குழந்தைய வச்சிக்கிட்டு நிக்கிற?"

"துண்டு போட்டிருந்தாங்களாம்ணா."

"சரிதான். இனிமே நான் டிக்கெட்டை விட்டுட்டுத் துண்டு விக்கப் போறேன்."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். பத்மநாபனுக்கு முகம் சிவந்தது.

"முறையா முதல்ல பிடிச்ச இடம். இதுல என்ன கிண்டல்?"

"யார் முதல்ல?" என்றார் குருவம்மா.

"நாமதான்."

"அந்தப் பொண்ணு உக்காந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"கீழ. ஆனா கர்ச்சீப் உள்ள இருந்துதே."

"யார் போட்டது?"

"நீங்க."

குருவம்மா கண்டக்டரிடம் டிக்கெட்டுக்குக் காசு நீட்டினார்.

பஸ் ஊரைத் தாண்டியது. வயல்கள் வந்தன, ஒரு ஏரி வந்தது. பத்மநாபன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே சொன்னார்.

"அந்தக் கம்பெனியில எங்க சித்தப்பா பெரிய இடத்துல இருந்தார். நான் இன்டர்வியூவுக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருந்தார்."

குருவம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"மேனேஜர் வேலை காலியானப்போ எஸ்தருக்குத்தான்னு எல்லாரும் நினைச்சாங்க. அவளுக்கு அப்பத்தான் குழந்தை பொறந்திருந்தது. கைக்குழந்தைக்காரி, அவளால எங்க முடியப்போகுதுன்னு நாங்களே பேசிக்கிட்டோம்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

டிரைவர் பிரேக் போட்டார். குழந்தையின் தலை கம்பியில் மோதப் பார்த்தது. அந்தப் பெண் சட்டென்று உள்ளங்கையை நடுவில் கொடுத்தாள். இடி கைக்கு விழுந்தது. குழந்தை முழிக்கவில்லை. எச்சில் வழிந்து அவள் ரவிக்கைத் தோள் ஈரமாகியிருந்தது. ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். 

பத்மநாபன் எழுந்தார்.

"உக்காருங்கம்மா."

"பரவால்ல சார். கூட்ரோடு வந்துருச்சி. இறங்கணும்."

குருவம்மா விலகி வழி விட்டார். "மன்னிச்சுக்கம்மா. துண்டு போட்டது நான்தான்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சும்மா தலையாட்டிவிட்டு இறங்கினாள். கீழே நின்று கையை உதறிக்கொண்டாள். பஸ் கிளம்பிவிட்டது.

சீட்டில் கைக்குட்டை மட்டும் கிடந்தது.

"சார், காலியாத்தான இருக்கு. உக்காருங்களேன்," என்றார் கண்டக்டர்.

"இல்லப்பா. நிக்கறேன்."

பத்மநாபன் போனை எடுத்தார். இரண்டு தடவை எடுத்து உள்ளே வைத்தார். மூன்றாம் தடவை பேசினார்.

"எஸ்தர்... நான் பத்மநாபன் பேசறேங்க."

"சார், சொல்லுங்க சார். என்ன ஒரே சத்தமா இருக்கு?"

"பஸ்ல வரேன். நாளைக்கே வேலைக்கு வந்துடறேங்க. எத்தனை மணிக்கு வரணும்?"

"ஒம்பதரைக்கு வாங்க சார்."

அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் எஸ்தரும் வைக்கவில்லை.

"எஸ்தர், அன்னிக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"என்னைக்கு சார்?"

அவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"குழந்தை எப்படி இருக்குது?"



"குழந்தையா? அவ காலேஜ் முடிக்கப் போறா சார்."