யானைக்கூடத்தில் அடை

பூங்கழனி நாட்டை வேங்கைமாறன் ஆண்ட காலத்தில் அங்கே மழைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் தெருவில் அடுப்பு மூட்டிப் பிழைக்கிறவர்களுக்கு மழையே பஞ்சம். ஆப்பம் வேகும் நேரம் பார்த்துத் தூறல் விழும். அடுப்பு அணையும். அன்றைய பிழைப்பும் அணையும்.

பழைய யானைக் கொட்டடி ஒன்று காலியாகக் கிடந்தது. தெருக்கடைகளையெல்லாம் அந்தக் கூரையின் கீழ் கொண்டுவந்து உட்காரவைத்தார் அரசர். ஒரு பக்கம் ஆப்பம், ஒரு பக்கம் புட்டு, தூணுக்குத் தூண் சுண்டல், பணியாரம், பருத்திப்பால். ஊரார் அதற்கு யானைக்கூடம் என்று பெயர் வைத்தார்கள். அங்கே சாப்பிட்டவர்கள் வெளியே வரும்போது பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

அரசருக்கும் அந்த வாசம் எட்டியது. அரண்மனையில் அவர் சாப்பிடும்போது முப்பது பேர் கைகட்டி நின்று பார்ப்பார்கள். யாரும் கூட உட்கார மாட்டார்கள். அப்படித் தின்கிற சோறு தொண்டையில் இறங்குமா? அதனால் முண்டாசு கட்டிக்கொண்டு யானைக்கூடத்துக்குப் போய்விடுவார். வண்டிக்காரனுக்கும் வளையல்காரனுக்கும் நடுவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து தின்பார்.

“கொஞ்சம் நகரும்யா! வயித்தை வீட்டுல வச்சிட்டு வரக்கூடாதா?” என்பான் வண்டிக்காரன். அரசர் சந்தோஷமாக நகர்ந்துகொள்வார்.

இதில் வயிறு எரிந்தவர் ஒருவர்தான். அரண்மனை மடைப்பள்ளித் தலைவர் ஏகாம்பரத்தார். அவர் சமைத்த முப்பத்தாறு வகையும் தொடாமலே திரும்பி வந்தன.

ஒருநாள் அரசர் கடைக்கு ஒரு வாய் என்று ஆரம்பித்து, கடைக்கு ஒரு வயிறு என்று முடித்துவிட்டார். மறுநாள் காலை படுக்கையில் புரண்டார். காத்திருந்த ஏகாம்பரத்தார், நலம் விசாரிக்க வந்திருந்த சபையார் முன்னிலையில் குனிந்து கேட்டார்:

“எல்லாம் அந்தக் கூடத்துத் தீனியின் வேலை, அரசே. கடைக்காரர்களை என்ன செய்யச் சொல்லட்டும்?”

அரசருக்கு வலி. பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது. “அடை!” என்றார்.

பூங்கழனியில் ஒரு வழக்கம். அரசன் வாயிலிருந்து கட்டளையாக ஒரு சொல் வந்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் அது நடந்தாக வேண்டும். அரசனே நினைத்தாலும் மாற்ற முடியாது. வெந்நீர் குடித்து ஏப்பம் வந்ததும் அரசர், “அடடா, அவசரப்பட்டுவிட்டேனே!” என்று எழுந்து உட்கார்ந்தார்.

“அரசன் சொல்லை அரசன் மாற்றலாகாது” என்றார் ஏகாம்பரத்தார், கஞ்சிக் கிண்ணத்தை நீட்டியபடி. அவருடைய ஆள் பூட்டு வாங்க ஏற்கெனவே போயிருந்தான்.

ஆப்பக்கடை மூக்காயி தலைவிரி கோலமாக நக்கன் வீட்டுக்கு ஓடினாள். நக்கன் அரசவையில் பெரிய பதவி எதுவும் இல்லாதவன். நாக்கு மட்டும் இருந்தது.

“நக்கய்யா! மறுபடியும் எங்களை மழையில விடுறாங்களே! போன ஐப்பசியில அடுப்பு நனைஞ்சு மூணு பிள்ளைகளும் பட்டினி கிடந்துச்சு. நீ சபையில இருந்து என்னத்துக்கு?”

“அழாதே அக்கா. ஏகாம்பரத்தார் கேட்டது என் காதில் விழுந்தது. அரசர் சொன்னதும் விழுந்தது. அரசர் சொல்படியே செய்துவிடுவோம்.”

“பூட்டச் சொல்றியா, பாவி?”

“அரிசியும் பருப்பும் ஊறப்போடச் சொல்கிறேன். இப்போது போட்டால் எப்போது ஆட்டலாம்?”

மூக்காயி விழித்தாள். பிறகு மெல்ல அவள் மூக்குத்தி மின்னியது. சிரித்துவிட்டாள். “மத்தியானம் ஆட்டிறலாம்” என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

பொழுது சாயும் நேரம். பூட்டும் சாவியுமாக ஏகாம்பரத்தார் வந்தார், பின்னால் சபையார் வந்தார்கள். கஞ்சியில் நாளைக் கழித்த அரசரும் கட்டளை நிறைவேறுவதைப் பார்க்க வேண்டுமே என்று சோகமாகக் கூட வந்தார்.

கூடத்து வாசலிலேயே அரசர் மூக்கு நிமிர்ந்தது. உள்ளே போனால், கடைக்குக் கடை கல் காய்கிறது. கல்லுக்குக் கல் அடை! மொறுமொறுவென்று ஓரம் சிவந்து, நடுவில் எண்ணெய்க் குழியோடு. பருத்திப்பால்காரன்கூட ஒன்று வார்த்திருந்தான். அது எந்த வடிவத்திலும் சேரவில்லை.

“என்னடா கூத்து இது? கடையை அடைக்கச் சொன்னால் கடை விரித்திருக்கிறீர்கள்!” என்று குதித்தார் ஏகாம்பரத்தார்.

நக்கன் முன்னே வந்து கும்பிட்டான். “ஐயா, காலையில் அரசரிடம் தாங்கள் கேட்ட கேள்வியைச் சபையார் அறிய இன்னொரு முறை சொல்லுங்களேன்.”

“‘கடைக்காரர்களை என்ன செய்யச் சொல்லட்டும்’ என்று கேட்டேன்!”

“அரசர் என்ன செய்யச் சொன்னார்?”

“அடை…” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“செய்துவிட்டார்கள்” என்றான் நக்கன்.

சபையார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அரசர் அதற்குள் மூக்காயி கடைமுன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். “அரசன் சொல் நிறைவேறியது! கூடம் இருக்கட்டும்!” என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை அடையை வெல்லத்தோடு சேர்த்துப் பிய்த்தார்.

“மெதுவா, சாமி! நேத்துப் பட்டது போதாதா?” என்றாள் மூக்காயி.

ஏகாம்பரத்தாருக்குப் பொறுக்கவில்லை. “இலை நக்குகிற பயல் பேச்சைக் கேட்கிறீர்களே, அரசே! அடை என்றால் மூடு! மூடு என்றுதான் பொருள்! குழந்தைக்குத் தெரியும், குரங்குக்குத் தெரியும்…” நிறுத்தாமல் கத்தினார்.

அரசர் வாய் நிறைய அடை. கையை உயர்த்திப் பார்த்தார், கத்தல் நிற்கவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கி, ஏகாம்பரத்தாரின் வாயை நோக்கி விரலை நீட்டி உறுமினார்:

“அடை!”

கல்லிலிருந்து சுடச்சுட ஒன்றை எடுத்துக்கொண்டு ஏகாம்பரத்தாரை நெருங்கிய நக்கன், பணிவோடு திரும்பிக் கேட்டான்:

“கட்டளை, அரசே. ஆனால் இந்த முறை எந்த அடை?”

அரசர் தூண்கள் அதிரச் சிரித்தார்.

“இரண்டும்தான்!”