உலையில் விழாத பிடி அரிசி

எலியும் குருவியும் மனிதரிடம் வாய்விட்டுப் பேசிய காலம் ஒன்று இருந்தது. அப்போது ஒவ்வொரு வீட்டிலும் அரிசிப் பானை ஒன்றுதான். அறுப்பு முடிந்து நெல் வந்துவிட்டால் மூன்று வேளையும் சோறு பொங்கும். மிஞ்சியதை நாய்க்குப் போடுவார்கள். பானை காலியானால் அடுத்த அறுப்பு வரை கீரையும் கிழங்கும்தான். வெயிலைப் போல, குளிரைப் போல, பசியும் வருடம் தவறாமல் வந்து போகும் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஏரிக்குக் கீழே ஒரு துண்டு வயல் வைத்திருந்த நாச்சப்பனும் அவன் மனைவி பவளாயியும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு மூன்று பெண் குழந்தைகள். கடைசிக் குழந்தை சின்னக்கண்ணுவுக்கு இரண்டு வயது.

ஒரு வருடம் ஆடி பிறந்தும் மழை இல்லை. ஏரி வெடித்துக் கிடந்தது. தோண்டத் தோண்டக் கிழங்கும் தீர்ந்துபோனது. ஆற்றுக்கு அக்கரையில் கல் சுமக்கும் வேலை கிடைக்குமா என்று பார்க்கப் போன நாச்சப்பன் நான்கு நாளாகத் திரும்பவில்லை. மூத்த பெண்கள் இருவரும் புளியங்கொழுந்தை மென்று பொழுதைக் கழித்தார்கள். சின்னக்கண்ணு மட்டும் அழுவதை நிறுத்திவிட்டாள். பவளாயிக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினாள். வரப்புக்குள் எலி வளை இருப்பது அவளுக்குத் தெரியும். உச்சி வெயிலில் மண்ணைக் கொத்திக் கொத்தி, தோள் வரை கையை உள்ளே விட்டாள். விரலில் ஏதோ சொரசொரவென்று பட்டது. இழுத்துப் பார்த்தால் நெற்கதிர்! ஒரே அளவில் நறுக்கி, ஒரே பக்கமாகத் தலைவைத்து அடுக்கிய கதிர்கள். அள்ளி அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அம்மணி, கொஞ்சம் நில்லு" என்று ஒரு குரல் கேட்டது. வளையின் வாயில் ஒரு பெண் எலி நின்றிருந்தது.

பவளாயி மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்க வேண்டாம்னு நான் சொல்லல. உன் வயல்ல விளைஞ்ச நெல்லுதான். ஆனா உள்ளே ஆறு குட்டி கிடக்குது. இன்னும் கண்ணே திறக்கல. நான் தின்னாத்தான் பால் ஊறும்."

"எனக்கும் வீட்டுல ஒண்ணு கிடக்குது. அழக்கூடத் தெம்பில்லாம."

பவளாயி மடியில் கிடந்த கதிர்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஊரே காஞ்சு கிடக்குது. உன்கிட்ட மட்டும் எப்படி நெல்லு இருக்குது?"

"நீங்க அறுத்தன்னிக்குச் சிந்தினதுதான். தின்னது போக ஒவ்வொரு நடைக்கும் ஒரு கதிரை ஒதுக்கி வெச்சேன்."

"எங்க வீட்டுலயும் அன்னிக்கு நிறைய இருந்துச்சு."

"இருக்கறப்பத்தான் ஒதுக்க முடியும் அம்மணி. இல்லாதப்ப எதை ஒதுக்கறது?"

பவளாயி எழுந்து நடந்தாள். மடியில் இருந்த ஒவ்வொரு பிடியும் சின்னக்கண்ணுவுக்கு ஒரு வேளைக் கஞ்சி. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பத்தடி போனாள். பதினோராவது அடி வைக்க முடியவில்லை. திரும்பி வந்து மண்டியிட்டாள். மடியிலிருந்து ஒரு பிடி கதிரை அள்ளி வளைக்குள் வைத்தாள். காக்கையும் பருந்தும் பார்த்துவிடாதபடி மேலே மண்ணைத் தள்ளி மூடினாள். அதற்குப் பிறகு வீடு வரை ஓட்டம்தான்.

நெல்லை உதிர்த்து, குத்தி, புடைத்து, கஞ்சி வைத்தாள். சின்னக்கண்ணுவின் வாயில் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். பொழுது சாயும் நேரத்தில் குழந்தை இன்னும் வேண்டும் என்று ஓங்கி அழுதது. அந்த அழுகையைக் கேட்டுப் பவளாயிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

மூத்த பெண்களும் வயிறாரக் குடித்தார்கள். திருப்பிக் கொடுத்த அந்த ஒரு பிடி குறைந்ததை வீட்டில் யாரும் அறியவே இல்லை. பவளாயி அதைக் கவனித்தாள்.

அந்த நெல் எட்டு நாளைக்கு வந்தது. ஏழாம் நாளே நாச்சப்பன் தோளில் ஒரு சிறு சோள மூட்டையோடு வந்து சேர்ந்தான். ஆடி முடிவதற்குள் மழையும் வந்தது.

தை மாதம் புது நெல் வீட்டுக்கு வந்தது. முதல் நாள் உலை கொதிக்கும்போது பவளாயி படியால் அரிசியை அளந்து முறத்தில் போட்டாள். பிறகு அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, மூலையில் இருந்த ஒரு சின்னக் கலயத்தில் போட்டாள்.

"ஏம் புள்ள, அளந்து போட்டதை எதுக்குத் திரும்ப அள்ளறே? சோறு பத்தாதே" என்றான் நாச்சப்பன்.

"பத்துமுங்க."

மறுநாள் அவன் வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவினான். "நல்ல வேளை, இன்னைக்கு நீ எடுக்கல."

"எடுத்தனுங்க."

நாச்சப்பன் அவளையும் கலயத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அதன்பிறகு அதைப் பற்றி அவன் கேட்கவில்லை.

கலயம் முதன்முதலாக நிறைந்த அன்று பவளாயி அதைத் தூக்கிக்கொண்டு வரப்புக்குப் போனாள்.

"வயல் நெறயக் கதிர் கெடக்கறப்ப எனக்கெதுக்கு அம்மணி?" என்றது எலி. "நீ திருப்பி வெச்ச பிடியிலதான் ஆறும் கண் திறந்துச்சு. அதோ பாரு, எப்படி ஓடுதுன்னு."

"உன் வீட்டைத் தோண்டினதே நாந்தானே" என்றாள் பவளாயி.

"தோண்டினவங்க எல்லாரும் திரும்பி வர்றதில்ல. நீ வந்தே. அந்தக் கலயத்தைக் கொண்டுபோய் வீட்டுலயே வெய்யி. யாருக்காச்சும் தேவைப்படும்."

அடுத்த கோடையில் பக்கத்து வீட்டு வேலாத்தாளின் புருஷன் பனைமரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். மூன்று நாளாக அந்த வீட்டில் அடுப்புப் புகை காணவில்லை. நான்காம் நாள் காலையில் பவளாயி கலயத்தோடு போய் அவர்கள் வாசலில் நின்றாள்.

வேலாத்தாள் கலயத்தைத் தொட்டுப் பார்த்தாள். "உனக்கும் மூணு பிள்ளைக இருக்குது. இதை நான் எப்பத் திருப்பித் தருவேனோ தெரியலையே அக்கா."

"எனக்குத் தர வேண்டாம் கண்ணு. நல்லா இருக்கற காலத்துல, உலையில போடறதுக்கு முன்னே ஒரு பிடி எடுத்து வெய்யி. அது போதும்."

வேலாத்தாள் அப்படியே எடுத்து வைத்தாள். அவளிடமிருந்து அவள் நாத்தனார் கற்றுக்கொண்டாள். நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஊருக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடும் வழக்கம் அப்போது தொட்டுத்தான் நம் வீடுகளில் இருக்கிறது. இல்லை என்று வந்தவருக்கு அந்தப் பானையிலிருந்து கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்காததும், அள்ளுகிற பெண் நன்றியோடு ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வதும் அப்போது தொட்டுத்தான். யாருக்கு நன்றி சொல்கிறோம் என்பது மட்டும் பலருக்கு மறந்துபோய்விட்டது.