காயலின் வாய்

"நான் தோற்றுவிட்டேன், அம்மா" என்று வந்து உட்கார்ந்தார் திருமேனி.

அறுபதைத் தொட்ட மனிதர். ஊர் வழக்குகளைத் தீர்த்தே தலை நரைத்தவர். தன்னைவிட வயதில் இளையவரான அமுதாம்பிகையைக் குருவாக ஏற்று, காயற்கரையில் அவருடைய குடிலிலேயே தங்கிவிட்டவர்.

"என்ன ஆச்சு?"

"நேற்று மண்வெட்டி பறந்திருக்கிறது. ஒருத்தனுக்கு மண்டை உடைந்துவிட்டது."

காயல் கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டிருந்தது. மீனவர்களுக்கு அதை உடனே வெட்டியாக வேண்டும். கடல்நீர் வந்தால்தான் உள்ளே இறால் வரும். உழவர்களுக்கோ வெட்டவே கூடாது. உப்புத் தண்ணீர் ஏறினால் முற்றாத கதிர் கருகிவிடும்.

மீனவர் பக்கம் செங்கேணி. உழவர் பக்கம் கோவிந்தப்பன். இரண்டு பக்கமும் மாறி மாறி நடந்தவர் திருமேனி.

"செங்கேணி என்ன சொன்னார்?"

"'நெல்லு நெல்லுன்னு சொல்லிக் காயலையே வளைச்சுப் போடப் பாக்குறானுங்க' என்றார்."

"நீங்க கோவிந்தப்பன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"செங்கேணிக்குக் கொஞ்சம் மனவருத்தம் என்றேன்."

அம்மா சிரித்துவிட்டார்.

"அப்படியே சொன்னால் வெட்டுக்குத்து ஆகிவிடும், அம்மா!"

"சரி. நாளைக்கு ரெண்டு பேரையும் முகத்துவாரத்துக்கு வரச் சொல்லுங்க."

"நான் இருக்கிறேன் என்றால் வருவார்கள்" என்றார் திருமேனி.

காலையில் அவர் செருப்பை மாட்டும்போது அம்மா முறத்தை நீட்டினார்.

"இந்தப் பருப்புல கல் பொறுக்கிக் கொடுத்துட்டுப் போங்க."

"அவர்கள் வந்திருப்பார்கள், அம்மா."

"கல்லோட சமைக்கவா?"

பொறுக்கினார். அப்புறம் அம்மா கீரை ஆயச் சொன்னார். அப்புறம் தண்ணீர் இறைக்கச் சொன்னார். கை வேலையில் இருந்தது. காது முகத்துவாரத்தில் இருந்தது.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் "போய்ட்டு வாங்க" என்றார்.

மணலில் விழுந்தடித்து ஓடினார் திருமேனி. தூரத்திலேயே செங்கேணியின் கத்தல் கேட்டது.

"வலையெல்லாம் காய்ஞ்சு கிடக்குதுய்யா! நாங்க என்னத்தத் திங்கிறது?"

"அதுக்கு எங்க சோத்துல உப்பைக் கொட்டுவியா?" கோவிந்தப்பனும் விடவில்லை. "ஒரு தடவை வெட்டினா வருஷம் பூராவும் திறந்தே வெச்சிருப்பீங்க!"

"யாரு சொன்னா? வர்ற அமாவாசைக்குக் கடல் பொங்கும்ல, அந்த ஓதம் உள்ள ஏறினாப் போதும். அப்புறம் மணல் தானா மூடிக்கும்."

கோவிந்தப்பன் விரல்விட்டு நாளை எண்ணினார்.

"அமாவாசைக்குள்ள அறுப்பு முடியாதே. அதுக்கு அடுத்த பௌர்ணமி ஓதம் ஆகாதா?"

செங்கேணி கடலைப் பார்த்தார்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுக்கலாம். ஆனா அறுத்து முடிச்சதும் பேச்சு மாறக்கூடாது."

"நானே மண்வெட்டியோட வரேன்."

"பாப்போம்" என்றார் செங்கேணி.

ஆனாலும் துடுப்பை எடுத்தார். வெட்ட வேண்டிய இடத்தை அப்போதே குறித்துவிட, இருவருமாக மணலில் கோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

திருமேனி மூச்சு வாங்க நின்றார். வழியெல்லாம் யோசித்துக் கொண்டுவந்த நல்ல வார்த்தைகள் வாயிலேயே தங்கிவிட்டன.

கோடு அவர் காலடியில் வந்து முட்டியது.

"ஐயா, கொஞ்சம் நகருங்க" என்றார் கோவிந்தப்பன்.

அவர் திரும்பி வரும்வரை அம்மா சாப்பிடாமல் காத்திருந்தார். திருமேனி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

இலையைப் போட்டபடி அம்மா கேட்டார்:

"நகர்ந்தீங்களா?"