முப்பத்தேழரை டிகிரி

கணினியில் மேக் என்ற கட்டளைதான் நிரலைத் தொகுக்கிறது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். சிலர் மேடையேறியும் சொல்கிறார்கள். வருந்தத்தக்கது. மேக் எதையும் தொகுப்பதில்லை. எது எதிலிருந்து உண்டாகிறது என்று நாம் மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதிக்கொடுத்த வரிகளை அது வாசிக்கும். வரியில் பெயருள்ள கோப்பு எதையாவது யாராவது புதிதாகத் திருத்தியிருக்கிறார்களா என்று நேரம் பார்க்கும். திருத்தியிருந்தால், நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் தொகுப்பானை எழுப்பும். இல்லையென்றால் தூங்க விட்டுவிடும்.

இதைச் சரிசெய்யாமல் கதைக்குள் நுழைவது மரியாதையாக இருக்காது. இனி நுழையலாம்.

"அது பொய் சொல்லுதுங்கம்மா" என்றார் செங்கோட்டுவேல்.

கொல்லிமலையில், மேகம் வீட்டுக்குள் வந்து போகும் உயரத்தில் இருந்தது பூங்கோதையின் வீடு. கணினிச் சில்லுகளின் மனம் அறிந்தவர் என்று கீழே ராசிபுரம் வரை அவருக்குப் பேர். செங்கோட்டுவேலுக்கு அவருடைய அப்பா வயது. ஆனாலும் சிஷ்யர் செங்கோட்டுவேல்தான்.

அவர் மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி. அதற்குள் முட்டைகள், ஒரு பேட்டரி, ஒரு பல்பு, சூட்டை எண்ணில் காட்டி அதற்கேற்பப் பல்பை ஏற்றி அணைக்கும் ஒரு சில்லு. பேருந்து திரும்பிய எல்லா வளைவுகளிலும் அதைக் கட்டிப்பிடித்தபடியே வந்திருந்தார்.

"எது பொய் சொல்லுது?"

"மேக்குங்க. சூட்டைத் தப்பா முப்பத்தாறுன்னு வெச்சுட்டேன். முப்பத்தேழரை வேணும். நம்பரெல்லாம் அளவுன்னு தனிக் கோப்புல இருக்குது. அதுல மாத்தினேன். மேக்னு அடிச்சா, செய்யறதுக்கு ஒண்ணுமில்லைங்குது. சரின்னு சில்லுல ஏத்திப் பார்த்தா, மறுபடியும் அதே முப்பத்தாறு."

"சத்தம் போட்டுப் பார்த்தீங்களா?"

"போட்டேனுங்க. பக்கத்து வீட்டுக்காரர் வந்துட்டாரு."

பூங்கோதை தலையசைத்தார். "முட்டை யாருது?"

"எங்க வீட்டுக்காரி சரசு வளர்த்த கருங்கோழியோடதுங்க. கீரி பிடிச்சுட்டுது. இதுதான் மிச்சம்."

அவர் பெட்டியைத் தடவிக்கொடுத்தார்.

"கூட்டுக் கதவைச் சாத்தாம விட்டது நான். இன்னைக்கும் சூடு ஏறலைன்னா குஞ்சு தங்காதுங்க. சரசு இப்பவே எங்கூடப் பேசறதில்லை."

சன்னல் வழியாக ஒரு மேகம் வந்தது. செங்கோட்டுவேல் கொண்டுவந்திருந்த மடிக்கணினியைச் சுற்றிப் பார்த்தது. போக மனமில்லாமல் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டது. பூங்கோதை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு மலைமேல் இருக்கிறதா, மிதக்கிறதா என்று செங்கோட்டுவேலுக்குச் சந்தேகம் வந்தது.

"டீ குடிக்கலாமா?" என்றார் பூங்கோதை.

செங்கோட்டுவேல் எழுந்து அடுப்பில் பாலை வைத்தார். மனம் பெட்டியிலேயே இருந்தது.

"பாலைக் கொஞ்சம் பார்த்துக்கங்கம்மா. பொங்கினா சொல்லுங்க."

"சரிங்க."

செங்கோட்டுவேல் பெட்டியின் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார். மஞ்சள் வெளிச்சத்தில் முட்டைகள் வேறு யாரோ காணும் கனவுபோல அசையாமல் கிடந்தன. முப்பத்தாறு.

நிமிர்ந்தபோது, பூங்கோதையின் நாய் வாசலில் கிடந்த அவருடைய செருப்புகளில் ஒன்றைக் கவ்விக்கொண்டு, பூங்கோதையின் முழங்காலை உரசியபடி வெளியே போய்க்கொண்டிருந்தது. அதற்கு அவசரம் எதுவும் இல்லை. வால் நுனிவரை மேகத்துக்குள் போய் மறைந்தது.

"அம்மா, என் செருப்பு."

"ஆமாங்க. பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"பால் இன்னும் பொங்கலைங்களே."

செங்கோட்டுவேல் அடுப்பின் பக்கம் திரும்பினார். பாலைப் பார்த்தார். நாய் போன திசையைப் பார்த்தார். அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.



பிறகு மடிக்கணினியின் முன்னால் மெதுவாக உட்கார்ந்து, தான் எழுதிய மேக்ஃபைலைத் திறந்தார். நிரல் எதிலிருந்து உண்டாகிறது என்று சொல்லும் வரியைத் தேடிப் பிடித்தார். அதில் ஒரே ஒரு கோப்பின் பெயர்தான் இருந்தது. தன் கையெழுத்தை வேறு யாரோ போட்டதுபோல அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

வரியின் கடைசியில் அளவு என்ற கோப்பின் பெயரையும் சேர்த்தார்.

மேக் என்று அடித்தார்.

கருப்புத் திரையில் எழுத்துகள் தூறலாக இறங்கின. புதிய நிரல் சில்லில் ஏறியது. பெட்டிக்குள் பல்பு எரிந்தது. முன்பெல்லாம் அணைந்துவிடும் இடத்தில், இந்த முறை அணையவில்லை.

முப்பத்தாறரை.

முப்பத்தேழு.

"பால் பொங்குது" என்றார் பூங்கோதை.

சாயங்காலப் பேருந்தில் செங்கோட்டுவேல் மலையிறங்கினார். மடியில் பெட்டி, முப்பத்தேழரையில். காலில் ஒரு செருப்பு.